சேம்பர் ஒழுக்கு: போல்ட்டை முறுக்காதீர்கள், பேக்கிங்கை மாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் நின்ற இடத்தில் கறுப்பாக எண்ணெய் சொட்டிக் கிடந்தால், பழைய கார் வைத்திருப்பவருக்கு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு பதில்களே கிடைக்கின்றன. ஒன்று, "போல்ட்ட ஒரு சுத்து இறுக்கிட்டா நின்னுரும்ணே." மற்றது, "எஞ்சின இறக்கணும் சார்." முதல் பதில் சின்னக் கோளாறைப் பெரிதாக்குகிறது. இரண்டாவது பதிலுக்குப் பயந்து நல்ல காரை எடைக்குப் போட்டவர்கள் உண்டு. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது, அம்பாசிடர் அதே ஆண்டு மே மாதத்தில் நின்றது. ஆகவே டிஎன் 58, 59, 64 என்ற மதுரைப் பதிவு எண்களோடு இன்று ஓடும் இந்தக் கார்களில் மிக இளையதற்கே பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த வயதில் ஆயில் சேம்பர் பேக்கிங் காய்ந்துபோவது இயல்பு. கைப்பழக்கமும் பொறுமையும் உள்ளவர் வீட்டு வாசலிலேயே மாற்றிவிடக்கூடிய வேலை இது. எங்கே தவறுகிறது, ஏன் தவறுகிறது என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்ளவே இந்தக் கடிதம்.

எஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் தகரத் தொட்டியைத்தான் பட்டறையில் ஆயில் சேம்பர் என்கிறார்கள். சிலர் சம்ப் என்பார்கள். அதன் விளிம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருப்பது பேக்கிங். பழைய எஞ்சின்களில் அது தக்கை, பிறகு வந்தவற்றில் ரப்பர். இன்னும் சிலவற்றில் பேக்கிங்கே கிடையாது, சிலிக்கான் பசை மட்டும்தான். உங்கள் காரில் எது என்பதை ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சேசிஸ் எண்ணைச் சொல்லிக் கேட்டு உறுதி செய்யுங்கள். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் வேறு வருடத்துப் பேக்கிங் வந்துசேரும், ஓட்டைகள் பொருந்தாது.

சேம்பரைத் தொடுவதற்கு முன் ஒழுக்கு அங்கிருந்துதான் வருகிறதா என்று பாருங்கள். இந்த வேலையில் பாதி தோல்வி இங்கேதான் பிறக்கிறது. எண்ணெய் மேலிருந்து கீழே வரும், வண்டி ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். டாப்பெட் கவர் பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டர் அடியிலுள்ள ஓ-ரிங், ஆயில் பிரஷர் சுவிட்ச், கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் பேக்கிங், ஆயில் ஃபில்டர் வாஷர் என எதில் கசிந்தாலும் கடைசியில் சேம்பர் விளிம்பில் வந்துதான் சொட்டும். எஞ்சின் ஆறியபின் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பிளாஸ்டிக் பை கட்டி, மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு எஞ்சினை மேலிருந்து அடிவரை கழுவுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு நன்றாகக் காயவிடுதல். காய்ந்ததும் சேம்பர் விளிம்பைச் சுற்றி முகப் பவுடர் தூவி, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையில் எண்ணெய்க் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஊற்று.

இன்னொரு அடையாளமும் சொல்கிறோம். பெரும்பாலான எஞ்சின்களில் வண்டி நிற்கும்போது எண்ணெய் மட்டம் பேக்கிங்குக்குக் கீழேதான் இருக்கும். பேக்கிங் வழியாக வெளியேறுவது ஓடும்போது உள்ளே தெறிக்கும் எண்ணெய். எனவே இரவு முழுவதும் அசையாமல் நின்ற காரின் அடியில் காலையில் சிறு குட்டையே தேங்கியிருந்தால், டிரெயின் பிளக் வாஷரையோ துருப்பிடித்து ஓட்டை விழுந்த சேம்பரையோ சந்தேகப்படுங்கள். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலிருந்து சொட்டினால் அது பின்பக்க கிராங்க் ஆயில் சீல், அதாவது எஞ்சினின் சுழலும் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் வளையம். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், வாசலில் செய்யும் வேலை அல்ல. சொட்டு கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில்.

பிரீதர் குழாயைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிஸ்டனைத் தாண்டி எஞ்சினுக்குள் கசியும் எரிந்த வாயு வெளியேறும் வழி அது. கசடு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, இளைத்த இடம் எதுவோ அங்கெல்லாம் எண்ணெயைத் தள்ளும். எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ் புஸ்ஸென்று புகை தள்ளினால் முதலில் பிரீதரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசுங்கள். அலசியும் தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அந்த எஞ்சினில் எத்தனை புதுப் பேக்கிங் போட்டாலும் சில மாதங்களில் மறுபடி ஒழுகும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை: பேக்கிங், டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர், ஆயில் ஃபில்டர், எண்ணெய், சின்ன சிலிக்கான் டியூப் ஒன்று, ஒரு கட்டு பனியன் வேஸ்ட். மாருதி 800-க்குச் சுமார் 3 லிட்டர் எண்ணெய், 1489 சிசி அம்பாசிடருக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல். நம் வெயிலுக்கு இந்தப் பழைய எஞ்சின்களில் 20டபிள்யூ-40 சரியாக வரும். மாருதியின் சேம்பர் போல்ட்டுக்கு 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனரும் எக்ஸ்டென்ஷனும் போதும். பழைய அம்பாசிடர் எஞ்சின் அங்குலக் கணக்கு, அதற்கு 7/16 வேண்டும். 11 எம்எம் ஸ்பேனர் மாட்டிக்கொள்ளும் என்று சமாளித்தால் போல்ட் தலை மழுங்கிவிடும்.

காரை உயர்த்தும் இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். காரோடு வரும் ஜாக்கி சக்கரம் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. முன்பக்கம் இரு புறமும் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, அதன் மேல் காரை இறக்கி, கையால் நன்றாக உலுக்கிப் பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டும் கூடாது, சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். வாசல் செம்மண்ணாக இருந்தால் ஸ்டாண்ட் கால்கள் புதையும், கீழே ஒன்றரை அங்குலத் தடிமனுள்ள பலகை போடுங்கள். மாருதி 800 முன்சக்கரத்தால் இழுக்கப்படும் வண்டி. முன்பக்கத்தைத் தூக்கியபின் கியரில் போட்டு நிறுத்துவதால் பயனில்லை, ஹேண்ட் பிரேக் மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கும். எனவே பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

எண்ணெயை வெதுவெதுப்பாக இருக்கும்போது வடிக்க வேண்டும். காரை உயர்த்தி பேட்டரி வயரைக் கழற்றும் முன்பே ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி, கால் மணி நேரம் ஆறவிட்டுப் பிளக்கைக் கழற்றினால் கசடும் சேர்ந்து வரும். நீண்ட ஓட்டம் முடிந்த கையோடு திறந்தால் தோல் வெந்துபோகும். வடிந்தபின், சேம்பர் வெளியே வர இடைஞ்சலாக இருப்பவற்றை எடுக்க வேண்டும்: ஃப்ளைவீல் அடித்தகடு, பல வண்டிகளில் முன் சைலன்சர் குழாய். இந்தக் குழாயின் நட்டுகள்தான் முழு வேலையிலும் முரண்டு பிடிப்பவை. முந்தின நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவைத்து, மறுநாள் ஒரேயடியாகத் திருகாமல் அரைச் சுற்று கழற்றி, கால் சுற்று திருப்பி இறுக்கி, மறுபடி கழற்றி என்று பழக்கி எடுங்கள். ஸ்டட் முறிந்தால் அரை நாள் வேலை மூன்று நாளாகும்.

போல்ட்டுகளை எல்லாம் ஒரே நேரத்தில் கழற்றிவிடாதீர்கள். எதிரெதிர் மூலையில் இரண்டை நாலைந்து மரையில் நிற்கவிட்டு, சேம்பரின் மூலையில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய பட்டித்தகட்டை விளிம்பில் செருகி வெட்டிக்கொண்டே போகலாம். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால் விளிம்பு வளையும், பிளாக் முகத்தில் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் புதுப் பேக்கிங்கிலும் ஒழுகும். உள்ளே ஆயில் பம்புக்கு எண்ணெய் உறிஞ்சும் சல்லடை தொங்கும். சேம்பர் அதில் மாட்டினால் இழுக்காமல், கொஞ்சம் பின்னால் தள்ளிச் சாய்த்து இறக்குங்கள்.

இறக்கிய சேம்பரைக் கழுவிவிடும் முன் உள்ளே பாருங்கள், எஞ்சினின் உடம்பு நிலை அதில் தெரியும். விரலில் தடவினால் செம்பு நிறத்தில் மினுக்கும் துகள் இருந்தால் பேரிங் தேய்கிறது. பால் கலந்த காபிபோல் இருந்தால் தண்ணீர் கலக்கிறது, ஹெட் பேக்கிங்கைக் கவனிக்க வேண்டும். சல்லடையில் ரப்பர்போல நெளியும் துணுக்குகள் சிக்கியிருந்தால், முன்பு யாரோ சிலிக்கானை வாரிப் பூசியிருக்கிறார்கள். சேம்பரின் அடிப்பகுதி நசுங்கி மேலே எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். சல்லடை அதன் அடித்தரைக்கு மிக நெருக்கத்தில் இருக்கும். நசுங்கல் அந்த இடைவெளியை அடைத்தால் எண்ணெய் ஏறாமல் எஞ்சின் பட்டினி கிடக்கும். இந்திய சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பு வகுத்த அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டிருக்க வேண்டும். நம் புறநகர்த் தெருக்களில் சிமென்ட் குழைத்து ஒரு முழ அகலத்தில் எழுப்பியிருக்கும் மேடுகள் சேம்பரை நசுக்குவதற்கென்றே கட்டியவைபோல் இருக்கின்றன. மாநகராட்சியும் ஊராட்சிகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

இனிதான் வேலையின் உயிர்: சுத்தம். சேம்பரைக் கழற்றிய பிறகும் கிராங்கிலிருந்து மணிக்கணக்கில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஈரத்தின் மேல் பேக்கிங் போட்டால் பிடிக்காது. ஓர் இரவு முழுக்க அடியில் தட்டு வைத்துச் சொட்டவிடுவது நல்லது. பழைய பேக்கிங்கை மரச் சீவலாலோ பிளாஸ்டிக் பட்டியாலோ சுரண்டுங்கள், சல்லடை வாயை மட்டும் பை கட்டி மூடிக்கொள்ளுங்கள். கிரைண்டரில் மாட்டும் உப்புத்தாள் சக்கரத்தைத் திறந்த எஞ்சினின் அடியில் ஓட்டவே கூடாது. அதன் பொடி பேரிங்குக்குள் போனால் பேக்கிங் மாற்றப் போய் எஞ்சினை மாற்ற வேண்டிவரும். கடைசியாக பிரேக் கிளீனரோ தின்னரோ நனைத்த துணியால், துணியில் கறை ஏறாத வரைக்கும் இரு முகங்களையும் துடையுங்கள். அடுப்பும் பீடியும் அருகில் வேண்டாம். போல்ட் ஓட்டைகளுக்குள் எண்ணெய் தேங்கியிருந்தால் துணியைத் திரித்து விட்டு உறிஞ்சி எடுங்கள். அடி மூடிய ஓட்டையில் எண்ணெய் இருந்தால், போல்ட் அதை அழுத்திக்கொண்டு நின்று, இறுகிவிட்டதுபோல் ஏமாற்றும்.

பிறகு சேம்பர் விளிம்பு. போல்ட்டை இறுக்கி இறுக்கியே ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் தகரம் மேல்நோக்கிக் குமிழ் விட்டிருக்கும். அப்படியே மாட்டினால் ஓட்டையருகில் பேக்கிங் பிதுங்கி, இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி திறக்கும், எண்ணெய் அங்கேதான் வழியும். "இறுக்க இறுக்க ஒழுகுதே" என்று புலம்புவதற்குக் காரணம் இதுதான். விளிம்பின் போல்ட் தலைப் பக்கத்தை இரும்புத் துண்டு ஒன்றின் மேல் தாங்கவைத்து, பேக்கிங் உட்காரும் பக்கத்திலுள்ள குமிழைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். இரும்பு ஸ்கேலை விளிம்பின் மேல் நிறுத்தி, பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். பத்து நிமிட வேலை இது. இதை விட்டுவிட்டு விலை உயர்ந்த பேக்கிங் வாங்கிப் பயனில்லை.

தக்கைப் பேக்கிங் கடையில் வருஷக்கணக்கில் கிடந்து சுருங்கியிருக்கும், ஓட்டைகள் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். இழுத்துப் பொருத்தினால் கிழியும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்தால் விரிந்து கொடுக்கும், துடைத்து உலர்த்திவிட்டு மாட்டுங்கள். சேம்பர் பக்கம் மட்டும் மெல்லியதாகப் பேக்கிங் பசை தடவி ஒட்டி, பிளாக் பக்கத்தை வெறுமனே விடுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கை சிரமப்படாது. படுத்தபடி மேலே தூக்கும்போது பேக்கிங் நழுவாமல் இருக்க, நாலைந்து ஓட்டைகளில் தையல் நூலால் சேம்பரோடு கட்டிவைப்பது பழைய கைவழக்கம், இன்றும் அதற்கு இணையில்லை. போல்ட் பிடித்ததும் நூலை அறுத்து உருவிவிடலாம். அம்பாசிடர் 1489 எஞ்சினில் பக்கப் பேக்கிங் தவிர, முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடியின் வளைவில் உட்காரும் தக்கைத் துண்டுகள் தனியாக வரும். அவற்றின் நுனி பக்கப் பேக்கிங்கை விடச் சற்று உயர்ந்து நிற்க வேண்டும். அதிகம் என்று நினைத்துச் சமமாக வெட்டிவிட்டால் மூலையில் ஒழுகும்.

சிலிக்கான் பசை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடையில் அனபாண்ட் என்று பொதுப்பெயராகவே கேட்டு வாங்கும் இந்தப் பசை நல்ல பொருள்தான், அளவோடு இருந்தால். பேக்கிங் உள்ள எஞ்சினில் அது வேண்டியது மூலைகளில் மட்டும்: பேரிங் மூடி, டைமிங் கவர், பின் சீல் தகடு ஆகியவை பிளாக்கோடு சேரும் இணைப்புகளில், ஒவ்வொன்றிலும் ஒரு துவரம்பருப்பு அளவு. பேக்கிங்கின் இரு முகத்திலும் இட்லி மாவுபோல் தேய்த்தால், இறுக்கும்போது பேக்கிங் வழுக்கி வெளியே பிதுங்கும். உள்பக்கம் பிதுங்கிய பசை இறுகி உதிர்ந்து சல்லடையை அடைக்கும், எண்ணெய் அழுத்தம் குறைந்து பேரிங் போகும். சொட்டு எண்ணெய்க்குப் பயந்து எஞ்சினையே பறிகொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. பேக்கிங் இல்லாத எஞ்சினில், 3 எம்எம் கனத்தில் அறுபடாத ஒரே கோடாக, போல்ட் ஓட்டைகளுக்கு உட்புறமாக இழுத்து, மேல்தோல் காயும் முன் மாட்டிவிட வேண்டும். பிறகு 24 மணி நேரம் எண்ணெய் ஊற்றக் கூடாது. இந்தப் பசை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும், வெயிலில் நிறுத்தினால் சீக்கிரம் காயும் என்பது தப்புக் கணக்கு. எம்பிஎஃப்ஐ வண்டிக்கு, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிக்கு, வினிகர் வாடை அடிக்கும் வகையை வாங்காதீர்கள், ஆக்சிஜன் சென்சாருக்கு ஆகாது. டியூபின் மேல் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருக்கும் வகையைக் கேளுங்கள்.

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் விரலாலேயே இரண்டு மூன்று மரை ஏற்றுங்கள். நடுவிலிருந்து தொடங்கி, எதிரெதிராக மாறி மாறி இரு முனைக்கும் போக வேண்டும், மூன்று சுற்றாக. மாருதி 800-இன் சேம்பர் போல்ட்டுக்கு மொத்தம் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். தக்கைப் பேக்கிங்குக்கு 8. முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு வழி செய்யலாம்: ஸ்பேனரில் போல்ட்டின் நடுவிலிருந்து 10 செ.மீ. தூரத்தில் கொக்கித் தராசை மாட்டி, ஸ்பேனருக்கு நேர் குறுக்காக இழுங்கள். தராசு 10 கிலோ காட்டினால் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். எவ்வளவு கொஞ்சம் என்று ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால் பிறகு யாரும் சேம்பர் போல்ட்டை முறுக்கமாட்டார்கள். முன்பக்கத்தில் சில போல்ட்டுகள் அலுமினியத்தில் மரை ஏறும் எஞ்சின்கள் உண்டு, அங்கே கூடுதலாக முறுக்கினால் மரை போய்விடும். டிரெயின் பிளக்குக்கு 35 நியூட்டன் மீட்டர். புதுச் செம்பு வாஷர் கிடைக்காவிட்டால், பழையதை அடுப்பில் மங்கலாகச் சிவக்கும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி இளகிவிடும்.

எண்ணெய் ஊற்றியதும் சாவியைத் திருப்பி உறுமவிடாதீர்கள். கார்புரேட்டர் வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரைக் கழற்றி பாடியில் தொடவைத்து, பத்துப் பத்து விநாடியாக இரண்டு மூன்று முறை செல்ஃப் அடியுங்கள். எண்ணெய் விளக்கு அணைந்தபின் வயரை மாட்டி ஸ்டார்ட் செய்யலாம். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் இரண்டு கோட்டுக்கு நடுவே மட்டம் இருக்கிறதா பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டினால் நுரைக்கும், ஒழுக்கும் கூடும். மேலூர் வரை போய் வந்து மறுபடி அடியில் பார்ப்பது நல்ல சோதனை. தக்கையாக இருந்தால் 500 கி.மீ. ஓடியபின் போல்ட்டுகளை ஒருமுறை அதே அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். சிலிக்கான் மட்டும் போட்ட சேம்பரைப் பிறகு தொடவே கூடாது, இறுகிய பசையில் விரிசல் விழும்.

கடைசியாக, வடித்த எண்ணெய். மாட்டுத் தொழுவத்துக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுவது, மாட்டுப் புண்ணில் தடவுவது, சாக்கடையில் ஊற்றுவது எல்லாம் நம் பக்கத்தில் இன்னும் நடக்கிறது. ஓடிய எண்ணெயில் உலோகத் துகளும் எரிந்த பெட்ரோலின் நச்சும் சேர்ந்திருக்கும். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் அதைக் கழிவுப் பட்டியலில் வைத்திருக்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல் பயன்படுத்திய எண்ணெயைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு, எண்ணெய் தயாரிக்கும், இறக்குமதி செய்யும் நிறுவனங்கள்மீது சுமத்தப்பட்டுள்ளது. ஆனால் வீட்டில் எண்ணெய் மாற்றும் ஒருவர் மூன்று லிட்டர் கேனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போய்க் கொடுப்பார்? 100 வார்டுகள் கொண்ட மதுரை மாநகராட்சி, மண்டலத்துக்கு ஓர் இடத்திலாவது பயன்படுத்திய எண்ணெயை வாங்கிவைக்கும் டிரம் ஒன்றை வைத்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவரை வாசகர்கள் அதை மூடியுள்ள கேனில், தண்ணீரோ தின்னரோ கலக்காமல் சேர்த்துவைத்து, எண்ணெய் மாற்றும் பெரிய சர்வீஸ் நிலையத்தில் கேட்டுக் கொடுங்கள். கலந்துவிட்ட எண்ணெயை அவர்களும் வாங்கமாட்டார்கள். சாக்கடையில் ஊற்றியது மழை வந்தால் வைகைக்கும் கண்மாய்க்கும்தான் போகும்.

இப்படிக்கு,
பழைய கார் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள வாசகர்கள்,
நாகமலை புதுக்கோட்டை, மதுரை.